நடக்க மறுக்கும் கால்களும் மூளையைத் தூண்டும் மின்சாரமும்

கதிரையை விட்டு எழுகின்றார் முதியவர் ஒருவர். விறாந்தையில் நாலைந்து அடி செம்மையாகவே நடந்து வருகின்றார். அறை வாசலை அணுகியதும் கால்கள் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடுகின்றன. உடல் முன்னே சாய்கின்றது, பாதமோ பெயரவில்லை. பின்னே நிற்கும் மகன், "கெதியாக வாருங்கோ, அப்பு; என்ன யோசனை?" என்கின்றான். அவ்வளவில் கால்கள் இன்னும் இறுகிவிடுகின்றன. சில விநாடி கழிந்தபின், ஒன்றுமே நடவாததுபோல அவர் வாசலைக் கடந்து உள்ளே செல்கின்றார்.

பாக்கின்சன் நோயுள்ளவர் வாழும் வீடுகளில் இக்காட்சி புதிதன்று. பார்ப்பவர் சிலர் இதனைப் பிடிவாதம் என்பர். சிலர் பயம் என்பர். வேறு சிலர் கவனக்குறைவு என்பர். இவற்றுள் ஒன்றேனும் உண்மையன்று. வைத்திய நூலார் இதற்கு "நடை உறைதல்" என்று பெயரிட்டுள்ளனர். இந்நோயாளர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். விழுந்தெழுந்த அச்சத்தினால் வெளியே செல்வதையே நிறுத்தி, அறையே உலகமென அடங்கிவிடுவோரும் உளர்.

அண்மைக் காலத்தில், தலையோட்டைத் திறவாமலே, வெளியிலிருந்து மின்சாரத்தாலோ காந்தத்தாலோ மூளையைத் தூண்டி இந்த நடையைச் சீர்செய்யலாம் என்ற செய்தி பலவாறாகப் பரவி வருகின்றது. கேட்ட குடும்பத்தார் உள்ளத்தில் ஆசை எழுவது இயல்பே. இது மெய்யான வைத்தியமா, அன்றி ஆசை காட்டும் வித்தையா? காணியை ஈடுவைத்தேனும் செய்விக்கத்தக்கதா? இவ்வாரம் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நோயின் வரலாறு

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பாக்கின்சன் என்னும் ஆங்கில வைத்தியர், நடுக்கத்தோடு கூடிய ஒருவகை வாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்றை லண்டனில் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவரே. அவருட் சிலர் தெருவிற் செல்லும்போது அவர் கண்ணிற் பட்டவர்கள். ஒருவரைத் தூரத்தே நின்று பார்த்த அளவே. ஆயினும் நடுக்கத்தை மட்டுமன்றி, உடல் முன்னே கூனுவதையும், நடக்கத் தொடங்கியவர் தம்மையறியாமல் ஓடத் தலைப்படுவதையும் அவர் கூர்ந்து கண்டு எழுதினார். நம்மவர் நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் வழங்கிவந்த நோயை இதனோடு ஒப்பிடுவர். பின்னர் பிரான்சு தேசத்து வைத்திய மேதையான சார்க்கோ என்பவரே இந்நோய்க்குப் பாக்கின்சனின் பெயரைச் சூட்டினார்.

நோயின் மூலம் வெகுகாலம் மறைந்தே கிடந்தது. 1957இல் சுவீடன் தேசத்து அர்விட் கார்ல்சன் என்பார் முயல்களுக்கு ரெசர்ப்பின் என்னும் மருந்தைச் செலுத்தி அவற்றை அசைவற்றுக் கிடக்கச் செய்தார். நமது நாட்டு வைத்தியர் நன்கறிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. பின்பு லெவோடோபா என்னும் பொருளைச் செலுத்தவே அம்முயல்கள் மீண்டும் எழுந்து நடமாடின. லெவோடோபா உடலினுள்ளே டோபமின் என்னும் பொருளாக மாறுவது. 1960இல் வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர், பாக்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் இந்த டோபமின் மிகக் குன்றியிருப்பதைக் கண்டறிந்தனர். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்பார் லெவோடோபாவை வாய்வழியாகப் படிப்படியே கூட்டிக் கொடுத்து நற்பயன் கண்டார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பூனைக்காலி விதையில் இதே லெவோடோபா உண்டென்பதைச் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் 1937இலேயே பிரித்தெடுத்துக் காட்டியிருந்தனர் என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நோய்க்கு இன்றும் தலையாய மருந்து லெவோடோபாவே. விறைப்பும் உடலின் மந்தமும் இதனாற் பெரிதும் குறையும். ஆனால் நோய் முதிர முதிர, நடையும் உடலின் சமநிலையும் மருந்துக்கு முன்போல வசப்படுவதில்லை. மருந்து நன்கு வேலைசெய்யும் வேளையிற்கூடச் சிலருக்குக் கால் உறைகின்றது. இந்த இடைவெளியை நிரப்பவே மின்சாரமும் காந்தமும் அழைக்கப்பட்டன.

தாளம் தவறிய நடை

நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி வைப்பதில்லை. எங்கே போகவேண்டும் என்று நினைக்கின்றோம். கால்கள் தாமே போகின்றன. பழக்கத்தால் வந்த இத்தகைய செயல்களைத் தாளந்தவறாமல் நடத்திக் கொடுப்பவை மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கணுக்கள். நாட்டியம் ஆடுபவளுக்கு நட்டுவனார் எவ்வாறோ, நடக்கும் காலுக்கு அக்கணுக்கள் அவ்வாறு. டோபமின் குன்றினால் நட்டுவனாரின் தாளம் தளர்கின்றது. அப்போது ஆடுபவளே தாளத்தையும் எண்ணி, அடியையும் நினைத்து, ஆடவும் வேண்டியதாகின்றது. அதாவது, முன்பு தானாக நடந்த காரியத்தை மூளையின் மேற்பகுதி தன் கவனத்தைச் செலவிட்டு நடத்தவேண்டி நேர்கின்றது.

கவனம் ஒரு சிறு பணப்பைக்கு ஒப்பானது. வாசலின் ஒடுக்கம், திரும்பவேண்டிய மூலை, எதிரே வரும் கூட்டம், கேட்கப்படும் கேள்வி, அவசரம் ஆகிய ஒவ்வொன்றும் அப்பையிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பை வெறுமையானால் கால் நிற்கின்றது. முதியோர் பொதுவிலும் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. 1997இல் சுவீடனில் முதியோரை அவதானித்த ஆராய்ச்சியாளர், நடந்துகொண்டே பேசும்போது நின்றுவிடுவோர் பின்னர் விழுவதற்கு அதிக ஏதுவுடையோர் என்று கண்டனர். பாக்கின்சன் நோயாளரிடத்து இந்தக் கவனப் பற்றாக்குறை பன்மடங்காகின்றது.

கால்களில் வலுவில்லாமையால் இது நேர்வதன்று என்பதற்கு வியப்பான சான்றொன்று உண்டு. 2010இல் ஒல்லாந்து தேசத்து வைத்தியர்கள் 58 வயதான நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதினர். பத்தாண்டாக நோயுற்றிருந்த அவரால் சில அடிகளுக்குமேல் நடக்க இயலாது; கால் உறைந்து விழுந்துவிடுவார். ஆனால் துவிச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டால் இலகுவாக மிதித்துச் செல்வார். இறங்கியதும் மீண்டும் உறைந்து நிற்பார். காலும் கெடவில்லை, நரம்பின் வழியும் அடைபடவில்லை. நடையைத் தொடக்கிவைக்கும் கட்டளையே தடுமாறுகின்றது. இதனை அறிந்தபின்னரே, அக்கட்டளையை வேறு வழியாக எழுப்பலாகாதா என்னும் எண்ணம் பொருளுடையதாகின்றது.

வெளியிலிருந்து தூண்டுதல்

மூளைக்குள் மின்கம்பியைப் புகுத்தித் தூண்டும் சிகிச்சை 1987 முதல் பிரான்சு தேசத்துக் கிரனோபிள் நகரில் பெனாபிட் என்பவராலும் அவரைச் சார்ந்தோராலும் வளர்க்கப்பட்டு, இன்று பல தேசங்களிற் கையாளப்படுகின்றது. தகுதியுடைய நோயாளருக்கு அது நற்பயன் தருவது. ஆனால் தலையோட்டைத் துளைக்கவேண்டும், எல்லாருக்கும் ஏற்றதன்று, மருந்துக்கு வசப்படாத நடைக்குறை அதற்கும் பெரும்பாலும் வசப்படுவதில்லை. நாம் இங்கே கூறவந்தது தலையோட்டைத் திறவாத தூண்டல்களைப் பற்றியது. அவை இருவகை.

முதலாவது காந்தத் தூண்டல். மாறுகின்ற காந்தப்புலம் அருகேயுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831இல் பரடே கண்டுபிடித்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1985இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்து அன்ரனி பாக்கர் என்பார் அதே விதியை மூளைக்குப் பொருத்தினார். தலையருகே கம்பிச் சுருளொன்றை வைத்து, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தை அதிற் பாய்ச்சினால், தோன்றி மறையும் காந்தப்புலம் தோலையும் எலும்பையும் ஊடுருவிச் சென்று மூளையின் மேற்படையில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். கையை ஆளும் இடத்தின்மேல் வைத்தால் விரல் தானே துடிக்கும். "டிக்" என்ற ஓசையும், தலைத் தோலில் தட்டுவது போன்ற உணர்ச்சியுமே நோயாளர் அறிவது. இத்துடிப்புகளை விரைவாக அடுக்கடுக்காகக் கொடுத்தால் அவ்விடம் கிளர்ச்சியுறும். மெதுவாகக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். இது சொல்லப்படும் கொள்கை.

இரண்டாவது நேர் மின்னோட்டத் தூண்டல். உப்பு நீரில் நனைத்த பஞ்சுத் துண்டங்களிடையே வைத்த மின்வாய்களைத் தலையிற் பொருத்தி, 1 அல்லது 2 மில்லி அம்பியர் அளவான மெல்லிய மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவது. இது நரம்பைத் துடிக்கச் செய்வதில்லை. துடிப்பதற்கு ஆயத்தமான நிலையிற் சிறிது முன்னோ பின்னோ தள்ளிவைக்கின்றது. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரத்து நிட்சே, பௌலுஸ் என்னும் இருவர், இவ்வளவு மெல்லிய மின்னோட்டமும் மூளையின் இயக்கப் பகுதியின் கிளர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்று அளந்து காட்டினர். அதன்பின் உலகெங்கும் ஆராய்ச்சிகள் பெருகின.

நடையைப் பொறுத்தவரை ஓர் இடர் உண்டு. கையை ஆளும் பகுதி மூளையின் புறத்தே எட்டும் இடத்தில் இருக்கின்றது. காலை ஆளும் பகுதியோ இரு மூளைப் பாதிகளும் சந்திக்கும் பிளவினுள்ளே மறைந்து கிடக்கின்றது. வெளியே வைத்த சுருளின் வலு ஆழஞ் செல்லச் செல்ல விரைவிற் குன்றிவிடும். அதனால் காலுக்குரிய தூண்டலுக்குத் தனி வடிவச் சுருள்கள் தேவைப்படுகின்றன. வேறு சிலர், கவனத்தையும் திட்டத்தையும் ஆளும் நெற்றிப் பகுதியைத் தூண்டினால் நடைக்கு வேண்டிய கவனம் பெருகும் என்று கருதி அதனையே நாடினர். இரண்டையும் ஒருங்கே தூண்டிப் பார்த்தோரும் உளர்.

சார்க்கோவின் ஆடும் கதிரை

இத்தூண்டல்களின் பயனை மதிப்பிடுமுன், பழைய கதையொன்றை அறிதல் நன்று. நோய்க்குப் பெயரிட்ட சார்க்கோவிடம் வந்த நோயாளர் சிலர், குதிரை வண்டியிலோ புகையிரதத்திலோ நெடுந்தூரம் குலுங்கிக் குலுங்கி வந்தபின் தமக்குச் சுகமாயிருக்கின்றது என்றனர். அதனைக் கேட்ட சார்க்கோ, பாரிஸ் நகரிற் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில், மின்சாரத்தால் அதிரும் கதிரையொன்றைச் செய்வித்தார். அதில் இருந்து எழுந்தவர் உடல் இலேசாகியது என்றனர்; நன்றாக நடந்தனர்; நன்றாக உறங்கினர். 1892இல் அவர் அதனைப் பற்றி விரிவுரையும் நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் அவர் இறந்தார். கதிரையும் மறக்கப்பட்டது.

ஏறக்குறைய 120 ஆண்டுகளின் பின், 2012இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் அப்பழைய கதிரைக்கு ஒரு நியாயமான சோதனை வைத்தனர். நோயாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாரை அதிரும் கதிரையிலும் மறு பகுதியாரை அதிராத கதிரையிலும் நாள்தோறும் இருத்தினர். இரு பகுதியாருக்கும் இனிய ஒலி கேட்பிக்கப்பட்டது. முடிவு யாது? இரு பகுதியாருமே சுகமடைந்தனர்! இருவர்க்கிடையே வேற்றுமை இல்லை. சார்க்கோ பொய் சொல்லவில்லை. அவருடைய நோயாளரும் பொய் சொல்லவில்லை. சுகம் வந்தது உண்மை. ஆனால் அது அதிர்வினால் வந்ததன்று.

பின் எதனால் வந்தது? நம்பிக்கையினாலும், ஆறுதலாக இருந்த வேளையினாலும், தம்மைக் கவனிக்க ஒருவர் உளர் என்ற உணர்வினாலும் எனலாம். "நம்பிக்கைதானே" என்று இதனை இகழ்வதற்கில்லை. 2001இல் கனடாவின் வான்கூவர் நகரத்து ஆராய்ச்சியாளர், மருந்தென்று சொல்லி வெறும் பொருளைக் கொடுத்தபோது பாக்கின்சன் நோயாளரின் மூளையில் டோபமினே சுரப்பதைப் படம் பிடித்துக் காட்டினர். நலம் வரும் என்ற எதிர்பார்ப்பு, எந்தப் பொருள் குறைந்ததால் நோய் வந்ததோ அதே பொருளைச் சிறிது நேரத்துக்குச் சுரக்கச் செய்கின்றது. இந்நோயில் நம்பிக்கை பெரிதும் மயக்குவதற்கு இது ஒரு காரணம்.

இதனினும் வியப்பானது ஒன்று. 2015இல் அமெரிக்காவில் நோயாளர் பன்னிருவருக்கு வெறும் உப்பு நீரை இருமுறை ஊசியிற் செலுத்தினர். ஒருமுறை "இது 100 டொலர் மருந்து" என்றனர். மற்றொருமுறை "இது 1500 டொலர் மருந்து" என்றனர். விலையுயர்ந்தது என்று சொல்லிச் செலுத்திய உப்பு நீரே அதிக சுகம் அளித்தது! காசு அதிகம் கொடுத்தவனுக்குக் குணமும் அதிகமாகத் தோன்றும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. விலையுயர்ந்த சிகிச்சை செய்வித்தவர் ஒருவர், "எனக்கு நன்றாயிற்று" என்று மனமாரச் சொன்னாலும், அச்சொல் தனித்து நின்று சான்றாகாது.

ஆகையால் இத்துறையில் உண்மையை அறிய ஒரே வழி போலித் தூண்டலோடு ஒப்பிடுவதுதான். மின்னோட்டத் தூண்டலில், தொடக்கத்தில் தோலிற் சுறுசுறு என்ற உணர்வு வரும். பின் அது பழகிவிடும். எனவே போலிப் பகுதியாருக்கு அரை நிமிடமளவு மின்னோட்டம் கொடுத்து, அவரறியாமல் நிறுத்திவிடுவர். காந்தத் தூண்டலில் ஓசை மட்டும் கேட்கும்படி செய்வர். நோயாளருக்கும், அவர் நடையை அளப்பவருக்கும் எது மெய், எது போலி என்று தெரியலாகாது. அப்பொழுதும் மெய்ப்பகுதியார் மேம்பட்டிருந்தாலன்றோ தூண்டலுக்குப் பெருமை!

கண்ட முடிவுகள்

அவ்வாறு சோதித்துக் கண்டவை யாவை? காந்தத் தூண்டலைப் பற்றி 2015இல் இருபது ஆராய்ச்சிகளைத் திரட்டி, 470 நோயாளரின் முடிவுகளை ஒருங்கே நோக்கினர். உடலியக்கத்தில் ஓரளவு நன்மை உண்டென்றே அத்தொகுப்புக் காட்டியது. 2020இல் ஐரோப்பிய நிபுணர் குழுவொன்று சான்றுகளை மூன்று தரமாக வகுத்தபோது, மூளையின் இரு பக்கத்து இயக்கப் பகுதிகளையும் விரைவான காந்தத் துடிப்புகளால் தூண்டுவது பாக்கின்சன் நோயின் இயக்கக் குறிகளுக்கு "அநேகமாகப் பயன் தருவது" என்னும் இடைத்தரத்தில் வைத்தது. "உறுதியாகப் பயன் தருவது" என்னும் முதல் தரத்தில் வைக்கவில்லை. மேலும், இயக்கக் குறிகள் என்பன கை விறைப்பு, மந்தம் முதலிய பலவும் சேர்ந்தவை. நடை அவற்றுள் ஒன்று மாத்திரமே.

மின்னோட்டத் தூண்டலின் நிலை இதனினும் மெலிந்தது. 2016இல் வெளிவந்த நடுநிலையான தொகுப்பொன்று ஆறு ஆராய்ச்சிகளையும் அவற்றிற் பங்குபற்றிய 137 பேரையும் நோக்கி, துணிந்து கூறுதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. அதன்பின் 2018இல், இயக்கப் பகுதியையும் நெற்றிப் பகுதியையும் ஒருங்கே தூண்டியதில் நடை உறைதல் குறைந்தது என்று இருபது நோயாளரைக் கொண்ட ஆராய்ச்சியொன்று அறிவித்தது. பலர் உள்ளத்திலும் நம்பிக்கை துளிர்த்தது. அந்நம்பிக்கையைச் சோதிக்க அதே முறையை 77 நோயாளரிடம் நீண்ட நாட்களுக்குக் கையாண்டனர். 2021இல் முடிவு வெளியாயிற்று. உறைதலை அளக்கும் தலைமைச் சோதனையில் மெய்த் தூண்டல் போலித் தூண்டலை விஞ்சவில்லை. வேறு சில அளவைகளிற் சிறு நன்மைக் குறிகள் தென்பட்டன; ஆனால் அவை மேலும் ஆராய்தற்குரிய குறிகளேயன்றி நிறுவப்பட்ட உண்மைகள் அல்ல.

முதல் ஆராய்ச்சியை நடத்தியோருட் சிலரே பெரிய ஆராய்ச்சியையும் நடத்தி, தமக்குப் பாதகமான முடிவை ஒளியாமல் வெளியிட்டனர் என்பது பாராட்டத்தக்கது. விஞ்ஞானத்தின் நேர்மை இங்கேதான் விளங்குகின்றது. இதனால் தூண்டல் முயற்சி பொய் என்று ஆகாது. எவ்விடத்தை, எவ்வளவு வலுவோடு, எத்தனை நாள், எந்நோயாளருக்கு என்னும் கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. பயிற்சியோடு சேர்த்துத் தூண்டினால் பயன் கூடுமா என்றும் ஆராய்கின்றனர். ஆனால் ஆராயப்படும் ஒன்றை முடிந்த மருந்தாக விற்பது நியாயமன்று.

குடும்பத்தார் கேட்கவேண்டியவை

எவரேனும் இச்சிகிச்சையைச் செய்ய முன்வந்தால் குடும்பத்தார் தயங்காமற் சில வினாக்களைக் கேட்கவேண்டும். இம்முறை போலித் தூண்டலோடு ஒப்பிடப்பட்டதா? எத்தனை பேரிடம்? அளந்தது நடையையா, அன்றி நோயாளரின் வாய்ச்சொல்லையா? நன்மை எத்தனை நாள் நிலைத்தது? இதனை மேற்பார்க்கும் நரம்பு வைத்திய நிபுணர் யார்? முறையான ஆராய்ச்சியாயின், சோதனைச் சிகிச்சைக்கு நோயாளரிடம் பணம் பெறுவது பொதுவாக வழக்கமன்று என்பதையும் நினைவிற் கொள்க. "மருந்தை நிறுத்திவிடலாம்" என்று எவர் சொன்னாலும் அவ்விடத்தை விட்டு எழுந்துவிடுக. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தேர்ந்தோர் கையில் இத்தூண்டல்கள் பெரும்பாலும் தீங்கற்றவையே. தலைவலியும் தோல் எரிவும் சிலருக்கு வரும். காந்தத் தூண்டலால் அரிதாக வலிப்பு உண்டாவதுண்டு. ஆதலால் வலிப்பு நோயுள்ளவரும், தலைக்குள் உலோகமோ மின்கருவியோ பொருத்தப்பட்டவரும், இருதயத்துக்குத் துடிப்புக் கருவி வைத்திருப்பவரும் அதனை முன்னரே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கடையில் வாங்கிய பற்றரியும் கம்பியும் கொண்டு வீட்டிற் செய்து பார்ப்பது கூடவே கூடாது. 2016இல் இத்துறை ஆராய்ச்சியாளர் பலர் ஒன்றுகூடி இத்தகைய கைவைத்தியத்தின் ஆபத்துகளை எடுத்துக்காட்டிப் பகிரங்க மடல் எழுத நேர்ந்தது.

செலவில்லாத தூண்டல்கள்

மின்சாரம் இல்லாமலே நடையைத் தூண்டும் வழிகள் சில உள. அவற்றை அறியாமல் விலையுயர்ந்தவற்றைத் தேடுவது, கிணற்றை வீட்டில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு ஊர் கடந்து போவதை ஒக்கும். தரையிற் குறுக்கே கோடுகள் இட்டால் உறைந்த காலும் அவற்றைத் தாண்டி நடக்கும் என்பதை லண்டன் வைத்தியர் பேர்டன் மாட்டின் 1967இல் எழுதிய நூலில் விவரித்துள்ளார். சீமேந்துத் தரையில் வெண்கட்டியாலோ நிறமுள்ள ஒட்டு நாடாவாலோ, ஓரடி எட்டுக்கு ஒன்றாக, வாசலின் முன்னும் பின்னும் கோடிட்டுப் பாருங்கள். கண் கோட்டைப் பற்றுகின்றது. கால் கண்ணைப் பின்பற்றுகின்றது. தளர்ந்த நட்டுவனாருக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒருவர் தாளம் போடுவது போன்றது இது.

உண்மையான தாளமும் உதவும். "ஒன்று, இரண்டு" என்று எண்ணுதல், மெல்லக் கைதட்டுதல், பழகிய பாட்டொன்றை மனத்துள் முணுமுணுத்தல் ஆகியவை பலருக்குக் காலை எழுப்புகின்றன. இங்கிலாந்து, பெல்ஜியம், ஒல்லாந்து ஆகிய தேசங்களில் 153 நோயாளருக்கு வீட்டிலேயே இத்தகைய பயிற்சி அளித்து, 2007இல் வெளியிட்ட முடிவில் நடை சிறிது திருந்தியது. உறைதலும் ஓரளவு குறைந்தது. பயிற்சியை நிறுத்தியபின் நன்மையும் தேய்ந்தது. ஆகவே மூன்று நாள் செய்து விடுவதன்று. பல்துலக்குவது போல நாள்தோறும் செய்வது. இயன்முறை வைத்தியம் பயின்ற ஒருவரிடம் முறையை முதலிற் கேட்டறிவது நன்று.

கால் உறைந்த வேளையில் உடனிருப்பவர் செய்யத்தக்கன சில. கையைப் பற்றி முன்னே இழுக்கவேண்டா. கால் வராமல் உடல் மட்டும் வந்தால் விழுவது நிச்சயம். அதட்டவும் அவசரப்படுத்தவும் வேண்டா. வாசலில் நிற்கும்போது கேள்வி கேட்கவும் வேண்டா. "நில்லுங்கோ, மூச்சு விடுங்கோ, பாரத்தை இந்தக் காலிற் போடுங்கோ, இப்போது மற்றக் காலைப் பெரிதாக எடுத்து வையுங்கோ" என்று மெதுவாகச் சொன்னாற் போதும். நின்ற இடத்திற் சட்டென்று திரும்பாமல் அகலமாக வளைந்து திரும்பப் பழக்கவேண்டும். வழியிற் கிடக்கும் பாய், மிதியடி, சிறு முக்காலி ஆகியவற்றை அகற்றி, இரவில் விளக்கொன்றை எரியவிடுதல் நலம்.

மருந்தைக் குறித்த வேளைக்கு, கடிகாரம் பார்த்துக் கொடுப்பதும் ஒரு சிகிச்சையே. அரைமணி பிந்தினாலும் சிலருக்குக் கால் கட்டிவிடும். இறைச்சி, மீன், பருப்பு முதலிய புரதம் நிறைந்த உணவு லெவோடோபா உட்செல்வதற்குப் போட்டியிடுமாதலால், உணவுக்கும் மருந்துக்கும் உரிய இடைவேளையை வைத்தியரிடம் கேட்டு ஒழுங்குசெய்க. மருந்து வேலைசெய்யும் வேளையிலும் கால் உறைகின்றதா, அது தீர்ந்த வேளையில் மட்டும் உறைகின்றதா என்பதை ஒரு கொப்பியில் ஒருவாரம் குறித்துச் சென்றால், அக்குறிப்பு வைத்தியருக்குப் பெருந்துணையாகும். அளவை மாற்றினாலே தீரக்கூடிய உறைதலும் உண்டு.

மூளையை வெளியிலிருந்து தூண்டும் கலை இன்னும் இளம்பருவத்தில் இருக்கின்றது. அது வளர்ந்து ஒருநாள் உறைந்த கால்களுக்கு உறுதியான துணையாக வருமாயின் அதனினும் மகிழ்ச்சி வேறில்லை. அதுவரை, அதனைச் செய்வதாகச் சொல்பவரிடம் சான்றைக் கேட்பது நம் கடமை. வீட்டில் உள்ளவருக்கோ, பொறுமையைக் கொடுப்பது நம் கடமை. அவசரப்படுத்தும் ஒரு சொல் காலை இறுக்குகின்றது என்பதற்குப் போலித் தூண்டலோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி தேவையில்லை. அது தினமும் நம் வாசலிலேயே நிறுவப்படுகின்றது. அச்சொல்லை விழுங்கிக்கொள்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.